சிலைக்கு இருக்கும் கோப்பு பிள்ளைக்கு வேண்டாமா?

தஞ்சாவூர் அரண்மனை அருங்காட்சியகத்தில் உள்நாட்டவருக்கு ஒரு கட்டணம், வெளிநாட்டவருக்கு வேறு கட்டணம். சில வருடங்களுக்கு முன் ஒரு சுவிஸ் தம்பதியையும் அவர்கள் மகளையும் அங்கே அழைத்துப் போயிருந்தேன். கவுண்டரில் இருந்தவர் அப்பா, அம்மாவுக்கு வெளிநாட்டுச் சீட்டைக் கிழித்தார். மகளை நிமிர்ந்து பார்த்தார், ஒன்றும் கேட்காமல் உள்ளூர்ச் சீட்டைக் கிழித்தார். அந்தப் பெண்ணுக்கு இருபது வயது இருக்கும். கறுப்பு நிறம், சுருட்டை முடி. கும்பகோணத்தில் ஏதாவது ஒரு கல்லூரி வாசலில் நின்றால் ஒருவரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். "இவங்களும் வெளிநாட்டு பாஸ்போர்ட்தான் சார்" என்றேன். "இருக்கட்டும்மா, நம்ம ஊர்ப் பொண்ணுதானே" என்றார். அதை அவர்களுக்குச் சொன்னதும் அம்மாக்காரிக்குக் கண் கலங்கிவிட்டது. மகள் சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "எந்த ஊர் என்று இவருக்குத் தெரியுமா?" என்று என்னிடம் கேட்டாள். கேலி இல்லை. நிஜமாகவே கேட்டாள்.

நான் தாராசுரத்துக்காரி. சுற்றுலா வழிகாட்டி வேலை பார்க்கிறேன். பட்டுநூல்காரத் தெருவில் பிறந்து, தறிச் சத்தத்தில் வளர்ந்தவள். என்னிடம் வரும் வெளிநாட்டவரில் பெரும்பாலோர் சோழர் கோயிலுக்காக வருகிறவர்கள். நடுநடுவே இப்படி ஒரு குடும்பம் வரும். வெள்ளைக்கார அப்பா அம்மா, நம் சாயலில் ஒரு பிள்ளை. சுவீடன், நெதர்லாந்து, ஜெர்மனி, அமெரிக்கா என்று நாடு மாறும். பயணத் திட்டம் மாறாது. பெரிய கோயில், எங்கள் ஐராவதீசுவரர் கோயில், சுவாமிமலையில் சிலை வார்ப்பது, ஒரு வேளை வாழையிலைச் சாப்பாடு, தலையில் மல்லிகைப்பூ, பட்டுப்புடவையில் ஒரு போட்டோ.

இதற்கு அவர்கள் ஊரிலேயே ஒத்திகை நடந்திருக்கும். அமெரிக்காவில் கொலராடோ மலைப்பக்கத்தில் 1990-களின் தொடக்கத்திலிருந்து கோடையில் முகாம்கள் நடக்கின்றன. கொரியப் பிள்ளைகளைத் தத்தெடுத்த குடும்பங்களுக்காக ஆரம்பித்தது; பிறகு சீனா, வியட்நாம், இந்தியா-நேபாளம், கம்போடியா என்று நாட்டுக்கு ஒரு முகாம் வந்தது. இரண்டு மூன்று நாள் எல்லோரும் ஒன்றாகத் தங்குவார்கள். பிறந்த நாட்டுச் சாப்பாடு, நடனம், கைவேலை. பெரிய பிள்ளைகளுக்குத் தனியாகப் பேச்சு: பள்ளிக்கூடத்தில் நிறத்தைச் சொல்லிக் கிண்டல் செய்தால் என்ன செய்வது, 'உன் நிஜ அம்மா யார்' என்று கேட்டால் என்ன சொல்வது. கம்போடிய முகாமுக்கு இன்னொரு கதையும் உண்டு. குழந்தைகளை விலைக்கு வாங்கி, அநாதை என்று தாள் தயாரித்து அனுப்புகிறார்கள் என்று தெரிந்ததும் 2001 டிசம்பரில் அமெரிக்கா கம்போடியத் தத்தை நிறுத்தியது. பல தத்துகளுக்குத் தரகராக இருந்த அமெரிக்கப் பெண் 2004-ல் நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டு சிறைக்குப் போனார். முகாமில் அப்சரா நடனம் கற்ற பிள்ளைகளில் சிலர் வளர்ந்த பிறகு கேட்க நேர்ந்த கேள்வி, தங்கள் தாளில் எழுதியிருப்பது உண்மையா என்பதுதான்.

இந்த முகாம்களை நம்மவர்கள் சிலர் கேலி செய்கிறார்கள். "மூணு நாள் இட்லி தின்னா தமிழச்சி ஆயிடுவாளா?" என்று என் சக வழிகாட்டி ஒருவரே சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நாங்கள் வீட்டில் பேசுவது சௌராஷ்டிரம். குஜராத் பக்கத்திலிருந்து கிளம்பி, தலைமுறை தலைமுறையாக நகர்ந்து தமிழ்நாட்டுக்கு வந்தவர்கள் என்று பெரியவர்கள் சொல்வார்கள். மதுரை, பரமக்குடி, சேலம், கும்பகோணம், அய்யம்பேட்டை என்று நெசவு இருந்த இடமெல்லாம் உட்கார்ந்தோம். எழுத்து பெரும்பாலும் போய்விட்டது. எழுத வேண்டுமானால் தமிழில்தான் எழுதுகிறோம். பேச்சு மட்டும் போகவில்லை. நாங்கள் ஏதோ பண்பாட்டுக் காவலர்கள் என்பதால் இல்லை, தெருவோடு கிளம்பி வந்தோம் என்பதால். தாத்தா, பாட்டி, சம்பந்தி, பக்கத்துத் தறிக்காரர், சண்டைக்காரர் எல்லோரும் கூடவே வந்தார்கள். திட்டவும் தாலாட்டவும் ஆள் இருந்தால் மொழி தானாக இருக்கும்.

தத்துப்போகிற பிள்ளை தனியாகப் போகிறது. எட்டு மாதத்திலோ மூன்று வயதிலோ, மடியில் ஒரு அந்நியரோடு விமானத்தில். அதற்குத் தெரு இல்லை. கொலராடோவில் நடப்பது மூன்று நாளைக்கு ஒரு தெருவை உண்டாக்கிப் பார்க்கும் முயற்சி. வருடம் முழுக்க வகுப்பிலேயே ஒரே கறுப்புப் பிள்ளையாக இருக்கும் குழந்தைக்கு, தன்னைப் போலவே இருக்கும் ஐம்பது பேரை ஒரே கூடத்தில் பார்ப்பது சின்ன விஷயம் இல்லை.

2023 ஏப்ரலில் ஒன்றிய அரசு சௌராஷ்டிர-தமிழ்ச் சங்கமம் என்று ஒரு விழா நடத்தி, மதுரையிலிருந்து தனி ரயில்களில் எங்கள் ஆட்களை குஜராத்தின் சோமநாதபுரத்துக்கு அழைத்துப் போனது. என் சித்தப்பா மகனும் போனான். திரும்பி வந்து ஒரு வாரம் அதையே பேசிக்கொண்டிருந்தான். பருப்பில் வெல்லம் போடுகிறார்கள் என்றான், கடையில் பேரம் பேசும்போது சில வார்த்தை அப்படியே நம் வார்த்தையாக இருந்தது என்றான். அரசியல் ஒரு பக்கம் இருக்கட்டும். நூற்றாண்டுகளுக்கு முன் விட்டுவந்த ஊரைப் பார்க்க ஐம்பது வயது ஆளுக்கு ரயில் விடலாம் என்றால், இருபது வருடத்துக்கு முன் விட்டுப்போன ஊரைப் பார்க்க வரும் பெண்ணைப் பார்த்துச் சிரிக்க நமக்கு என்ன வக்கு இருக்கிறது? அவனுக்கும் அந்தப் பெண்ணுக்கும் ஒரு வித்தியாசம் உண்டு. அவன் சோமநாதபுரத்தில் யாரையும் தேடவில்லை. அவன் அம்மா தாராசுரத்தில் அவனுக்காக ரசம் வைத்துக்கொண்டிருந்தார்.

அந்தப் பெண்ணிடம் இருந்தது பிளாஸ்டிக் உறைக்குள் ஒரே ஒரு நகல் தாள். தட்டச்சு செய்த ஆங்கிலம். பெண் குழந்தை. எடை 1.9 கிலோ. பிறந்த தேதி, உத்தேசமாக. தாயின் பெயர், தெரியாது. கண்டெடுத்த இடம், ஒரு பேருந்து நிலையம். எந்த ஊர்ப் பேருந்து நிலையம் என்று இல்லை. கீழே ஊதா மையில் ரப்பர் முத்திரை, நகலில் ஊர்ப்பெயர் மேலேயே மை கசிந்து எழுத்து மறைந்துவிட்டது. டெல்டா பக்கம் என்பது குழந்தைகள் இல்லத்தார் வளர்ப்பு அம்மாவிடம் வாய்மொழியாகச் சொன்னது. ஆக, அந்தத் தாளில் நம்பக்கூடியதாக இருந்தது எடை மட்டும்தான். "நான் வாங்கிய செருப்புக்குக்கூட இதைவிட நல்ல ரசீது இருக்கிறது" என்றாள் அந்தப் பெண்.

அதே அரண்மனை அருங்காட்சியகத்தில் ஒரு துவாரபாலகர் சிலை இருக்கிறது. முன்பு எங்கள் தாராசுரம் கோயிலில் இருந்தது. சோழர் வேலைப்பாடு இல்லை, சாளுக்கியர் வேலை. முதலாம் ராஜாதிராஜன் பதினோராம் நூற்றாண்டில் கல்யாணபுரத்தை அடித்து நொறுக்கிவிட்டு வெற்றிச் சின்னமாகத் தூக்கிவந்தது. பீடத்திலேயே எழுதியிருக்கிறது, எந்த ஊரை அழித்து, யார் கொண்டுவந்தது என்று. வழக்கமாக நான் இதைப் பெருமையாகச் சொல்வேன். அன்று சொல்லும்போது நாக்கு இடறியது. ஏறக்குறைய ஆயிரம் வருடத்துக்கு முன் கொள்ளையடித்து வந்தவன்கூட எங்கிருந்து எடுத்தேன் என்று வெட்டி வைத்திருக்கிறான்.

சிலை விஷயத்தில் நாம் இன்றைக்கும் கெட்டிக்காரர்கள்தான். பத்தூர் நடராஜர் வழக்கு டெல்டாவில் எல்லோருக்கும் தெரியும். 1976-ல் மண்ணிலிருந்து கிடைத்து, கைமாறிக் கைமாறி லண்டனுக்குப் போனவர். அங்கே வழக்கு நடந்தது. கோயிலே வழக்காடலாம் என்று ஆங்கில நீதிமன்றம் ஒத்துக்கொண்டது. நம் தொல்லியல் அறிஞர் நாகசாமி சாட்சி சொன்னார். சிலையில் ஒட்டியிருந்த மண்ணையும் கரையான் தடத்தையும்கூட ஊர் மண்ணோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். 1991-ல் நடராஜர் ஊர் திரும்பினார். ஸ்ரீபுரந்தான் நடராஜரை ஆஸ்திரேலிய தேசியக் காட்சிக்கூடம் 2008-ல் பல கோடி கொடுத்து வாங்கியது. கோயிலில் இருந்தபோது புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தார் எடுத்து வைத்திருந்த பழைய புகைப்படம் உதவிக்கு வந்தது. 2014-ல் அவர்கள் பிரதமரே கொண்டுவந்து கொடுத்தார். சிலை கடத்தலுக்கென்று தனிப் போலீஸ் பிரிவு இருக்கிறது. கும்பகோணத்தில் அந்த வழக்குகளை விசாரிக்கும் நீதிமன்றம் இருக்கிறது. 2022 நவம்பரில் சிலை கடத்தல் வழக்கில் சுபாஷ் கபூருக்குப் பத்து வருடம் தண்டனை கொடுத்தது அதே நீதிமன்றம்தான்.

ஐம்பொன்னுக்கு இத்தனை. பிள்ளைக்கு?

பிள்ளைகள் விஷயத்தில் சட்டம் இல்லாமல் இல்லை. 1982-ல் லட்சுமி காந்த் பாண்டே என்ற வழக்கறிஞர் உச்ச நீதிமன்றத்துக்கு ஒரு கடிதம் எழுதினார், வெளிநாட்டுக்குத் தத்து கொடுப்பதில் முறைகேடு நடக்கிறது என்று. அந்தக் கடிதத்தையே மனுவாக எடுத்துக்கொண்டு நீதிபதி பகவதி 1984-ல் நெறிமுறைகள் வகுத்துக் கொடுத்தார். 1990-ல் மத்தியத் தத்துவள ஆணையம் வந்தது. நாடுகளுக்கிடையேயான தத்து பற்றிய ஹேக் ஒப்பந்தத்தை 2003-ல் இந்தியா ஏற்றது. பிள்ளையின் பிறப்பைப் பற்றிய தகவலைப் பத்திரமாக வைத்திருக்க வேண்டும் என்று அதன் 30-வது பிரிவு சொல்கிறது. அப்படியும் 2005-ல் சென்னையில் பிள்ளைகளைத் திருடி விற்ற கும்பல் பிடிபட்டது. குடிசைப் பகுதியில் வாசலில் விளையாடிய, திண்ணையில் தூங்கிய பிள்ளைகள், 'பெற்றோர் ஒப்படைத்தது' என்ற தாளோடு ஆஸ்திரேலியாவுக்கும் நெதர்லாந்துக்கும் போயிருந்தார்கள்.

இலங்கையில் 1980-களில் நடந்தது இதைவிடக் கொடுமை. ஆயிரக்கணக்கான பிள்ளைகள் ஐரோப்பா போனார்கள்; தாய் என்று கையெழுத்துப் போட்டவர்களில் கூலிக்கு நடித்த பெண்களும் இருந்தார்கள் என்பது 2017-ல் டச்சுத் தொலைக்காட்சி வெளியிட்ட பின் உலகத்துக்குத் தெரிந்தது. 1973-லிருந்து 2002 வரை இந்தியாவிலிருந்து சுவிட்சர்லாந்துக்குப் போன 2,000-க்கும் மேற்பட்ட பிள்ளைகளைப் பற்றி அந்நாட்டு ஆய்வாளர்களே சில மாநிலங்களின் கோப்புகளைத் தோண்டினார்கள். அவர்கள் பார்த்த கோப்புகளில் பெற்ற தாயின் ஒப்புதல் கடிதத்தைக் காணவில்லை. தென்கொரியாவில் அரசே அமைத்த உண்மை ஆணையத்துக்கு 367 பேர் புகார் கொடுத்தார்கள். பொய்த் தாள்களோடு பிள்ளைகளை அனுப்பியதில் அரசுக்கும் பொறுப்பு உண்டு என்று 2025 மார்ச்சில் ஆணையம் சொல்லிவிட்டது.

எல்லாத் தத்தும் திருட்டு என்று நான் சொல்லவில்லை. சொன்னால் நன்றி கெட்டவளாவேன். பெண் சிசுக்களைக் கொன்றுகொண்டிருந்த மாநிலம் இது. 1992-ல் சேலத்தில் தொட்டில் குழந்தைத் திட்டம் வந்தது அதனால்தான். அந்தத் தொட்டிலில் விழுந்த பிள்ளை எங்கோ ஒரு வீட்டில் படித்து, வேலைக்குப் போய், அப்பா அம்மாவை இந்தியா கூட்டிவந்து காட்டுகிறது என்றால் அது நல்ல விஷயம். அந்த சுவிஸ் தம்பதியைப் போல மகளின் முகத்தையே பார்த்துக்கொண்டு நடந்த பெற்றோரை நான் அதிகம் பார்த்ததில்லை. தத்து என்றால் குறைவு என்று நினைப்பதற்கும் தஞ்சாவூர்க்காரருக்கு அருகதை இல்லை. இரண்டாம் சரபோஜியே தத்துப்பிள்ளைதான். 1787-ல் துளஜா மன்னர் சாகும் தறுவாயில் தத்தெடுத்த சின்னப் பையன். தத்து செல்லாது என்று பட்டத்துக்கு உரிமை கோரிய அமர்சிங் தரப்பு வாதாடியது, கிழக்கிந்தியக் கம்பெனியும் முதலில் அதை ஏற்றது. பிறகு சாஸ்திரிகளை மறுபடி கேட்டு, 1798-ல் சரபோஜியைப் பட்டத்தில் உட்கார வைத்தது. சரஸ்வதி மகால் நூலகத்தை வளர்த்தவர் அவர். பெரிய கோயில் சுவரில் போன்ஸ்லே வம்ச வரலாற்றை நீளமாக மராத்தியில் வெட்டச் சொன்னதும் அவர்தான், 1803-ல். அந்த வம்சத்தில் வேறு எந்த ராஜாவுக்கும் தோன்றாதது, 'நீ இந்த வீட்டுப் பிள்ளையா' என்று கேட்கப்பட்டவருக்குத் தோன்றியிருக்கிறது. சுவர் முன்னால் நின்று இதைச் சொன்னபோது அந்தப் பெண் எழுத்தை விரலால் தொடப் போனாள். தொடக் கூடாது என்று நான் தடுக்க வேண்டியிருந்தது.

"எனக்கு அம்மாவைக் கண்டுபிடித்துத் தர முடியுமா?" இந்தக் கேள்வி எப்படியும் வந்துவிடும். பெரும்பாலும் பெற்றோர் காபி குடிக்கப் போன நேரத்தில். முடியாது என்றுதான் சொல்வேன். தத்து விதிகளின்படி மூன்றாம் மனிதர் இந்தத் தேடலில் இறங்கக் கூடாது. 18 வயதானவர் தானே தத்துவள ஆணையத்திடம் விண்ணப்பிக்கலாம். அதற்குக் கீழே என்றால் பெற்றோரோடு சேர்ந்து. பெற்றவள் அடையாளத்தை மறைக்கச் சொல்லியிருந்தால் அவள் சம்மதம் வேண்டும். இந்த விதி எனக்குச் சரியென்றே படுகிறது. பத்தொன்பது வயதில் யாருக்கும் தெரியாமல் ஒரு பிள்ளையைக் கொடுத்துவிட்டு, பிறகு கல்யாணமாகி, இப்போது பேரன் பேத்தியோடு இருக்கும் ஒரு பெண்ணின் வாசலில் டாக்சியும் கேமராவுமாகப் போய் நின்றால் அவள் கதி என்ன? நம் தெருக்கள் எப்படிப்பட்டவை என்று தெரியாதவளா நான்? ஆனால் பணம் வாங்கிக்கொண்டு 'தேடித் தருகிறேன்' என்று கிளம்புகிற ஆட்கள் இருக்கிறார்கள். ஏதோ ஒரு கிராமத்தில் ஏதோ ஒரு கிழவியைக் காட்டி அழ வைத்த கதையையும் கேட்டிருக்கிறேன். விதி ஒழுங்காக வேலை செய்தால் இவர்களுக்கு வேலை இருக்காது. ஆணையத்துக்கு எழுதிய கடிதத்துக்கு 'ஆவணம் கிடைக்கவில்லை' என்று பதில் வந்தால், அந்தப் பெண் நேராக இவர்களிடம்தான் போவாள்.

ஆவணம் எங்கே போயிற்று? அந்தக் காலத்தில் வெளிநாட்டவர் இங்கே நேரடியாகத் தத்தெடுக்க முடியாது. 1890-ஆம் வருடத்துக் காப்பாளர் சட்டத்தின்கீழ் நீதிமன்றத்தில் காப்பாளர் உத்தரவு வாங்கி, பிள்ளையைத் தங்கள் நாட்டுக்குக் கொண்டுபோய் அங்கே தத்தை முடிப்பார்கள். ஆகவே இல்லத்தில் ஒரு கோப்பு, நீதிமன்றத்தில் ஒரு கோப்பு, பிரசவம் பார்த்த மருத்துவமனைப் பதிவேட்டில் ஒரு வரி என்று மூன்று இடத்திலாவது தடம் இருந்திருக்கும். இல்லங்கள் மூடப்பட்டன, நிர்வாகம் கைமாறியது, சிஸ்டர்கள் காலமானார்கள். தாள் கரையானுக்கும் மழைக்கும் போனது. எங்கள் பக்கத்து மழை எந்தப் பதிவறையையும் விட்டு வைக்காது.

2024-25-ல் இந்தியாவில் 4,515 பிள்ளைகள் சட்டப்படி தத்துப்போனார்கள். அதில் 4,155 பேர் நாட்டுக்குள்ளேயே. இப்போதைய பதிவெல்லாம் இணையத்தில் நடக்கிறது. இனிப் போகும் பிள்ளைக்குக் கோப்பு இருக்கும். நான் பேசுவது முன்னால் போனவர்களைப் பற்றி. அவர்கள் இப்போது முப்பது, நாற்பது வயதுக்காரர்கள். அவர்களைப் பெற்றவர்களில் பலருக்கு அறுபது நெருங்கிவிட்டது. இன்னும் பத்து, பதினைந்து வருடம் போனால் தேடுவதில் அர்த்தமே இருக்காது.

தமிழக அரசு 2023-ல் ஆரம்பித்த 'வேர்களைத் தேடி' திட்டத்தில் 18 முதல் 30 வயது வரையிலான அயலகத் தமிழ்ப் பிள்ளைகளை அழைத்துவந்து ஊர் ஊராகக் காட்டுகிறார்கள். பிஜி, மொரிஷியஸ், தென்னாப்பிரிக்கா என்று தமிழே தெரியாத தலைமுறையும் வருகிறது. நல்ல திட்டம், அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. இங்கிருந்து தத்துப்போனவர்களையும் அதில் பெயர் சொல்லிச் சேர்க்க வேண்டும். அவர்களுக்கு மட்டும் வயது வரம்பைத் தளர்த்த வேண்டும். கோயிலைக் காட்டுவதோடு நிறுத்தாமல் ஒரு நாளை ஆவணத்துக்கு ஒதுக்க வேண்டும். மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலுவலர் ஒருவர், தமிழும் ஆங்கிலமும் தெரிந்த மனநல ஆலோசகர் ஒருவர், மேசைமேல் அந்தப் பிள்ளையின் கோப்பு. கோப்பில் பெற்றவள் பெயர் இருந்து, சொல்ல அவளுக்கு விருப்பம் இல்லையென்றால், பெயரை மறைத்துவிட்டு மற்றதைச் சொல்லலாம். என்ன சூழ்நிலையில் கொடுத்தார்கள் என்பதைச் சொல்ல விதியே இடம் கொடுக்கிறது.

அதற்கு முதலில் கோப்பு வேண்டும். சிலைகளுக்குச் செய்தது போல இதையும் ஒரு வேலையாக எடுத்துக்கொண்டு, மூடிய இல்லங்கள், நடக்கும் இல்லங்கள், மாவட்ட நீதிமன்றப் பதிவறைகள், பழைய மிஷன் மருத்துவமனைகள் எல்லாவற்றிலும் இருக்கும் தாளை எடுத்து ஸ்கேன் செய்து, பூட்டி, உரியவர் கேட்டால் மட்டும் திறக்கும்படி வைக்க வேண்டும். ஓலைச்சுவடியை ஸ்கேன் செய்யத் தெரிந்த அரசுக்கு இது பெரிய காரியம் இல்லை.

பழைய இல்லங்களின் பொறுப்பில் இப்போது இருப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் மாடிப்படிக்குக் கீழேயோ, சர்ச் பின்கட்டிலோ, துருப்பிடித்த பீரோவிலோ அந்தக் காலத்துப் பதிவேடுகள் கிடக்கலாம். இடத்தை அடைக்கிறது என்று பழைய பேப்பர் கடைக்குப் போடாதீர்கள். மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகுக்குப் போன் செய்து, வந்து எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.